சோதிக்காத மருந்துக்குச் சோதிக்காத மருத்துவமா?

நஞ்சை நீட்டியவன் ஒருவன். நஞ்சுக்கு முறிவு என்று இன்னொரு குப்பியை நீட்டுகிறான் மற்றொருவன். முதற்குப்பியில் இருந்தது என்ன என்று எவரும் கேட்கவில்லை. கேட்காததால் கெட்டது சிறுநீரகம். இரண்டாம் குப்பியில் இருப்பது என்ன என்றும் எவரும் கேட்கலாகாதாம்! கேட்பவனுக்கு, 'விஞ்ஞானத்தின் விரோதி' என்று வசை. கேளாமல் கையை நீட்டுபவனுக்கு, 'நம்பிக்கை உடையவர்' என்று வாழ்த்து. விந்தைதான்! ஆனால் சிரித்துவிட்டுப் போகத்தக்க விந்தையன்று. உயிரைக் குடிக்கும் விந்தை.

மருந்துகளால் சிறுநீரகம் பழுதுற்றவர்களிடம், 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற பெயரால் நடத்தப்படும் வாணிகத்தைத்தான் குறிப்பிடுகிறோம். குருத்தணு என்று தமிழில் கூறிடலாம். வேறுவேறு வகை உயிரணுக்களாக வளரத்தக்க மூல அணு அது. "உங்கள் எலும்பு மஜ்ஜையிலே இருக்கிறது, உங்கள் கொழுப்பிலே இருக்கிறது, எடுத்துச் செலுத்தினால் செத்த சிறுநீரகம் செழித்து எழும், டயாலிசிஸ் வேண்டாம், மாற்றுச் சிறுநீரகமும் வேண்டாம், இலட்சங்கள் சில எடுத்து வந்தால் போதும்" என்று அழைக்கிறார்கள். காடு கழனியை விற்றும், தாலிக்கொடியை அடகு வைத்தும் செல்கிறார்கள் நம் மக்கள்.

நாம் மருத்துவம் பயின்றவர்கள் அல்லோம். கலைக்கல்லூரியிலே படித்து, பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுபவர்கள். "உமக்கென்ன தெரியும் உயிரணுவைப் பற்றி?" என்று கேட்டிடக்கூடும். மருந்து கூட்ட நமக்குத் தெரியாது; உண்மைதான். ஆனால் சான்று எது, சொற்சாலம் எது என்று பிரித்தறிய வெள்ளை அங்கி வேண்டியதில்லை. விபூதியை நோக்கி, 'எப்படிக் குணமாக்குகிறது, எத்தனை பேரைக் குணமாக்கிற்று, கணக்கைக் காட்டு' என்று கேட்ட இளைஞனுக்கு, ஊசியை நோக்கி அதே கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லையா? உரிமை மட்டுமன்று, கடமை.

முதலில் சிறுநீரகம் என்னும் பேருழைப்பாளியைப் பார்ப்போம். கைப்பிடி அளவே உள்ள உறுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள். இதயம் வெளியேற்றும் குருதியில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே வருகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, வேண்டியதை மீட்டு, வேண்டாததை மட்டும் வெளியே தள்ளுகின்றன இரண்டு சிறுநீரகங்களும். நாம் விழுங்கும் மருந்துகளிலே பலவும் இவ்வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். எனவே உடலெங்கும் பரவி நீர்த்திருக்கும் மருந்து, இங்கே செறிந்து நிற்கிறது. வாசலிலே நின்று காவல் புரிபவன் மீதுதான் முதல் அடி விழும் அன்றோ!

ஜென்டாமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் சிறுநீரகத்து நுண்குழல்களின் அணுக்களிலே தங்கி அவற்றைச் சிதைக்கக்கூடும். புற்றுநோயை ஒடுக்கும் சிஸ்பிளாட்டின், உயிர் காக்கும் அருமருந்துதான். எனினும் அதே நுண்குழல்களைத் தாக்கும் தன்மை உடையது. மருந்துக்கடையிலே கேட்டவுடன் கிடைக்கும் வலி மாத்திரைகள், சிறுநீரகத்துக்குக் குருதி பாயும் வழியைச் சுருக்குகின்றன. வெயிலிலே வியர்வை வடித்து உழைத்து, நீர் வற்றிய உடலோடு, நாள்தோறும் அம்மாத்திரைகளை விழுங்கிடும் தொழிலாளியின் நிலை என்னாகும்?

மனிதனை விடுங்கள், பறவையைப் பாருங்கள். வானிலே வட்டமிட்டுச் செத்த மாட்டைத் தின்று ஊரைத் தூய்மை செய்து வந்த பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, மாட்டின் இறைச்சி வழியே கழுகின் வயிற்றில் புகுந்து அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதை 2004-ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். 2006-இல் இந்திய அரசு கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடுத்தது. அதற்குள் ஓர் இனமே அழிவின் விளிம்பிலே நின்றது. மருந்து என்ற பெயர் இருப்பதனாலேயே ஒன்று மருந்தாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மருந்தைச் சோதித்த பின்னரே விற்றிடல் வேண்டும் என்று உலகுக்குக் கற்றுக் கொடுத்ததே சிறுநீரகத்தின் மரணந்தான். இதைக் கூறாமல், குருத்தணு வாணிகத்தைப் பற்றிக் கூறி முடிக்க இயலாது.

1937-ஆம் ஆண்டு, அமெரிக்க நாடு. சல்ஃபனிலமைடு என்ற கிருமிக்கொல்லி மாத்திரையாக விற்றுவந்தது. அதனை இனிய பானமாக்கிட விரும்பிற்று ஒரு நிறுவனம். எதிலே கரைத்தனர்? டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சிலே! நிறம் பார்த்தனர், மணம் பார்த்தனர், சுவை பார்த்தனர். உயிருக்கு ஊறு செய்யுமா என்று மட்டும் பார்க்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டோர், குழந்தைகள் பலர், சிறுநீர் நின்று துடித்து மாண்டனர். அந்நாளைய சட்டமோ, சோதித்துவிட்டு விற்றிடு என்று கூறவில்லை. நிறுவனத்தின் மீது சாட்ட முடிந்த குற்றம் என்ன தெரியுமா? 'எலிக்ஸிர்' என்று பெயரிட்டார்கள். அப்பெயருக்கு உரியதில் சாராயம் கலந்திருக்க வேண்டும். இதிலே சாராயம் இல்லை. ஆகவே பெயர் பிழை! பிணங்கள் நூறு, குற்றமோ பெயர்ப்பிழை!

அப்பிணங்களின் மீதுதான் 1938-ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்தது. 'விற்குமுன், தீங்கற்றது என்று காட்டு' என்றது அது. தாலிடமைடு என்ற மாத்திரையால் பல நாடுகளிலே கையும் காலும் குறைந்த குழந்தைகள் பிறந்த கொடுமையைக் கண்டபின், 1962-இல் இரண்டாம் கட்டளை பிறந்தது: 'பலன் தரும் என்றும் காட்டு.' இரண்டே கேள்விகள். தீங்கு உண்டா? பலன் உண்டா? ஏட்டறிவாளர் எவரும் பொழுதுபோக்காக எழுதிவைத்த கேள்விகள் அல்ல இவை. பிள்ளையைப் புதைத்த பெற்றோரின் கண்ணீரால் எழுதப்பட்டவை.

எழுதிய பாடத்தை மறந்த இடங்களிலே மரணம் மீண்டும் வந்தது. 1986-இல் பம்பாய் மருத்துவமனை ஒன்றிலே, கிளிசரினில் கலந்திருந்த அதே நஞ்சால் 14 பேர் மாண்டனர். 2022-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டிலே ஏறத்தாழ 70 குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். இந்தியாவிலே செய்யப்பட்ட இருமல் மருந்துகளைச் சுட்டி உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராப் பகுதியிலே இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்துக்குப் பலியாயினர். அம்மருந்து செய்யப்பட்ட இடம் நம் காஞ்சிபுரம் மாவட்டம்! நூற்றில் 0.1 பங்குக்கு மேல் இருக்கலாகாத நஞ்சு, 48.6 பங்கு இருந்ததாகத் தமிழகத்து ஆய்வுக்கூடம் கண்டது. பட்டுக்குப் பேர்போன காஞ்சியின் மண்ணிலிருந்து பச்சிளங் குழந்தைகளுக்கு நஞ்சு சென்றது என்ற செய்தி, நம் தலையைக் குனிய வைக்கவில்லையா?

சோதனையின்மையே இவ்வளவுக்கும் வேர். இப்போது கேட்கிறோம்: சோதனையின்மையால் விளைந்த கேட்டுக்கு, சோதனையற்ற மற்றொன்றையே பரிகாரமாக விற்பது என்ன நியாயம்?

குருத்தணுவை நாம் பழிக்கவில்லை. பழிப்பது பேதைமை. எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களை மாற்றிவைத்து இரத்தப் புற்றுநோயாளிகளைப் பிழைக்கவைக்கும் முறையை வளர்த்த டாக்டர் டொனால் தாமஸ் 1990-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அம்முறை இன்று நம் நாட்டு மருத்துவமனைகளிலும் நடைபெறுகிறது. ஏன் அதை ஏற்கிறோம்? பரிசு பெற்றதனாலன்று, கணக்குக் காட்டியதனால். எத்தனை பேருக்குச் செய்தோம், எத்தனை பேர் பிழைத்தனர், எத்தனை பேர் மாண்டனர் என்று ஒளிக்காமல் எழுதினார்கள். மாண்டவர் கணக்கையும் எழுதுகிறவனே விஞ்ஞானி. பிழைத்தவன் படத்தை மட்டும் மாட்டி வைப்பவன் வியாபாரி.

சிறுநீரகத்தின் கணக்கு என்ன? 2004-இல் இத்தாலிய ஆய்வாளர்கள், சிஸ்பிளாட்டினால் சிறுநீரகம் கெட்ட எலிகளுக்கு மஜ்ஜைக் குருத்தணுக்களைச் செலுத்தி, அவற்றின் நிலை தேறியதாகக் கண்டனர். நல்ல செய்திதான், நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் எலியின் செய்தி. செலுத்திய அணுக்கள் சிறுநீரக அணுக்களாகவே மாறிப் பழுது பார்க்கின்றன என்று முதலில் எண்ணினர். பின்னர் நடந்த ஆய்வுகளோ, அவை சுரக்கும் பொருள்களே பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று காட்டின. நரம்பு வழியே செலுத்தும் அணுக்களிலே பெரும்பகுதி நுரையீரலிலேயே சிக்கிக்கொள்கிறது. எலிக்கு நஞ்சேறிய சூட்டோடு சிகிச்சை. மனிதனோ, ஆண்டுக்கணக்கில் வடு விழுந்து இறுகிப்போன சிறுநீரகத்தோடு வந்து நிற்கிறான். எலிக்கும் மனிதனுக்கும் இடையே உள்ள ஆற்றைப் பாலம் கட்டித்தான் கடக்க வேண்டும். விளம்பரத்தைப் பாயாக விரித்துக் கடந்திட முடியாது.

பாலம் கட்டிப் பார்க்கவும் செய்தார்கள். வட அமெரிக்காவிலே, இதய அறுவைக்குப் பின் சிறுநீரகம் தளர்ந்த 156 நோயாளிகளிடம் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2018-இல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்குக் குருத்தணு. மறு பாதியினருக்கு வெற்று மருந்து. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தருபவருக்கும் தெரியாது. கண்டது என்ன? சிறுநீரகம் தேறிய வேகத்திலும் வேறுபாடில்லை. டயாலிசிஸ் தேவைப்பட்டோர், இறந்தோர் கணக்கிலும் வேறுபாடில்லை. இது மருந்தால் வந்த பழுது அன்று என்று வாதிடலாம். சரி, மருந்தால் வந்த பழுதுக்குப் பலன் தரும் என்பதை நிறுவிய பெருஞ்சோதனை எங்கே? காட்டட்டும், கைதட்டி வரவேற்போம். இன்றுவரை காட்டினாரில்லை.

"அப்படியானால், எங்களிடம் வந்து குணமடைந்தவர்கள் பொய்யா?" என்று கேட்பார்கள். பொய்யல்ல, ஆனால் குணமாக்கியது எது? மருந்தால் திடீரென நேரும் சிறுநீரகப் பழுதிலே பெரும்பகுதிக்கு ஓர் இயல்பு உண்டு. அம்மருந்தை நிறுத்தி, உடலின் நீர்நிலையைச் சீராக்கிக் காத்திருந்தால், நுண்குழலிலே எஞ்சிய அணுக்களே பெருகிப் பழுதைத் தீர்த்துக்கொள்வது பலருக்கு நடக்கிறது. இயற்கை தேற்றுகிறது, இடையிலே ஊசி போட்டவன் பெயரைத் தட்டிக்கொள்கிறான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! பழத்தை வீழ்த்தியது காக்கையா, காம்பின் முதிர்ச்சியா என்று அறிய, காக்கை உட்காத மரத்தையும் பார்த்திடல் வேண்டும். அந்த இன்னொரு மரந்தான், வெற்று மருந்து பெற்ற பாதியினர். அம்மரத்தைக் காட்ட மறுப்பவனிடம் பனம்பழம் வாங்காதீர்!

நாள்பட்ட பழுதோ வேறு. முற்றிலும் அழிந்த நெஃப்ரானுக்கு ஈடாகப் புதிய நெஃப்ரானை வளர்ந்த மனிதனின் சிறுநீரகம் உண்டாக்குவதில்லை. கருவிலேயே அவ்வேலை முடிந்துவிடுகிறது. அதை உண்டாக்கித் தருவதாகச் சொல்பவன் மிகப் பெரிய செய்தியைச் சொல்கிறான். மிகப் பெரிய செய்திக்கு மிகப் பெரிய சான்று வேண்டாமா? கத்தரிக்காய் வாங்கும்போது அழுத்திப் பார்க்கிறோம். வாழ்வை விற்று வாங்கும்போது அழுத்திப் பார்க்கலாகாதோ?

"பலன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கு என்ன? அவரவர் அணுதானே!" இதுவும் ஒரு வாதம். தாய்லாந்து நாட்டிலே, லூபஸ் என்ற நோயால் சிறுநீரகம் கெட்ட பெண்மணி ஒருவருக்கு அவருடைய அணுக்களையே எடுத்துச் சிறுநீரகத்திலே ஊசி மூலம் செலுத்தினர். ஊசி போட்ட இடங்களிலே கட்டிகள் முளைத்தன; அச்சிறுநீரகத்தை வெட்டி எடுக்க நேர்ந்தது; அவர் பிழைக்கவில்லை. 2010-இல் மருத்துவ ஏட்டிலே வெளிவந்த செய்தி இது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலே, பார்வை மங்கிய மூன்று பெண்மணிகளுக்கு அவர்களுடைய கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களைக் கண்ணிலே செலுத்தினர், பார்வை தெளியவில்லை, பறிபோயிற்று! 2017-இல் உலகறிய வெளிவந்தது. சொந்த அணு என்பதால் நன்மையே செய்யும் என்று யார் சொன்னது? புற்றும் சொந்த அணுதான்!

இன்னொரு வாதம் உண்டு. நெஞ்சைத் தொடும் வாதம். "வழியற்று நிற்பவனிடம் எஞ்சியது நம்பிக்கை ஒன்றே. அதையும் பறித்திடலாமா?" என்கின்றனர். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அந்த நம்பிக்கையை யார் பறிப்பது? டயாலிசிஸ் செய்துகொண்டு உயிரோடிருப்பவனை, 'இனி அது தேவையில்லை' என்று சொல்லி நிறுத்தவைத்தால், சில நாட்களிலே, மிஞ்சினால் சில வாரங்களிலே, உயிர் ஊசலாடும். வழியே இல்லை என்பதும் பொய். நம் வேலூரிலே 1971-இல் வெற்றியுடன் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறையாகப் பங்கிடும் திட்டம் 2008 முதல் தமிழகத்திலே நடைபெறுகிறது. அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. குறைகள் உண்டு, காத்திருப்பு உண்டு, மறுக்கவில்லை. குறையை நீக்கப் போராடுவோம். மெய்யான பாதை கரடுமுரடானது என்பதற்காகப் பொய்யான பாதையிலே போய்ப் படுகுழியில் வீழ்வது அறிவுடைமை ஆகாது.

சட்டமும் வாய்மூடி இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள், குருதி தொடர்பான ஏற்கப்பட்ட நோய்களுக்கு மஜ்ஜைக் குருத்தணு மாற்றம் செய்வதைத் தவிர, மற்றவை யாவும் ஆராய்ச்சியே. அனுமதி பெற்ற சோதனையாகவே நடைபெறல் வேண்டும் என்று கூறுகின்றன. ஆராய்ச்சி என்றால், அதன் செலவை நோயாளியின் தலையில் கட்டுவது முறையன்று. சோதனையால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடு தர 2019-ஆம் ஆண்டு விதிகள் வழி செய்கின்றன. இப்போது அந்தத் தந்திரத்தைப் பாருங்கள். 'சான்று எங்கே?' என்று கேட்டால், "இது இன்னும் ஆராய்ச்சி" என்பான். 'ஆராய்ச்சியானால் பணம் எதற்கு?' என்று கேட்டால், "இது சிகிச்சை" என்பான். கேள்விக்கு ஆராய்ச்சி, காசுக்குச் சிகிச்சை! இரண்டு படகிலும் கால் வைத்து, நடுவிலே நோயாளியை ஆற்றிலே தள்ளும் கலை இது.

மெய்யான விஞ்ஞானம் என்ன செய்கிறது தெரியுமா? ஜப்பானியப் பேராசிரியர் யமனாக்கா, வளர்ந்த உடலின் சாதாரண அணுவையே மூல அணுவாக மாற்றிடும் வழியை 2006-இல் எலியிலும், மறு ஆண்டு மனித அணுவிலும் கண்டார்; 2012-இல் நோபல் பரிசு பெற்றார். 2015-இல் ஆய்வாளர்கள் மூல அணுக்களிலிருந்து, சோதனைக் கிண்ணத்திலே குட்டிச் சிறுநீரகத் திசுவை வளர்த்தனர். முழுச் சிறுநீரகம் அன்று அது. ஆனால் சிஸ்பிளாட்டினை ஊற்றினால் அதன் நுண்குழல் அணுக்கள் சேதமுறுகின்றன! அதாவது, எந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதை மனித உடலைத் தொடாமலே அறிந்திடும் வழி திறக்கிறது. குருத்தணுவைக் கொண்டு, கெட்டதைத் தேற்றுவோம் என்று ஒருவன் பொய் விற்கிறான்; அதே குருத்தணுவைக் கொண்டு, கெடாமற் காப்பது எப்படி என்று மற்றொருவன் இரவும் பகலும் தேடுகிறான். நாம் யார் பக்கம்? கேள்வி கேட்பவன் பக்கமே, கேட்கும் கேள்விக்கு அஞ்சாதவன் பக்கமே விஞ்ஞானம் நிற்கிறது.

செய்ய வேண்டியது என்ன?

மன்றங்களிலும் படிப்பகங்களிலும் இதைப் பேசுங்கள். குருத்தணுச் சிகிச்சை என்று ஒருவர் அழைத்தால், கேட்க வேண்டிய கேள்விகளை உழவனும் நெசவாளியும் அறியச் செய்யுங்கள். இது சோதனையா, சிகிச்சையா? சோதனையானால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டிலே அதன் எண் என்ன? அறநெறிக் குழு ஒப்புதல் எங்கே? பணம் எதற்கு? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? அப்பதிவேடு எவரும் கட்டணமின்றிப் பார்க்கத்தக்கது. எண்ணைச் சொல்லத் தயங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

அதைவிட முதன்மையானது, கெடாமற் காப்பது. வலி மாத்திரையைக் கடலை மிட்டாயைப்போல் வாங்கி விழுங்காதிருக்கச் சொல்லுங்கள். 'வேர்தான், இலைதான், தீங்கில்லை' என்று பெயரற்ற பொடிகளைத் தின்னாதிருக்கச் சொல்லுங்கள். பெல்ஜிய நாட்டிலே உடல் இளைக்கத் தின்ற மூலிகையிலே அரிஸ்டலோகிக் அமிலம் இருந்ததால் பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தது 1993-இல் வெளிப்பட்டது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உடையவர்கள், எந்த மருந்துக்கும் முன், குருதியிலே கிரியேட்டினின் அளவைப் பார்த்திடல் வேண்டும். எளிய சோதனை, அரசு மருத்துவமனையிலே செய்யத்தக்கது. அரசையும் விடலாகாது. மருந்தாலைக்குள் நுழையும் ஒவ்வொரு பீப்பாயும் சோதிக்கப்படுகிறதா? சோதிக்க ஆட்கள் போதுமா? முடிவுகள் மக்களுக்குத் தெரிகின்றனவா? சட்டமன்றம் வரை இக்கேள்விகள் ஒலித்திடல் வேண்டும்.

குருத்தணுவால் சிறுநீரகம் தழைக்கும் நாள் வரலாம். வரட்டும், வந்தால் முதலில் மகிழ்பவர்கள் நாமாக இருப்போம். ஆனால் அந்த நாள், கணக்கேட்டைக் கையில் ஏந்தி, வாயில் வழியே, பட்டப்பகலிலே வரும். இருட்டிலே கொல்லைப்புறமாக வந்து, பணப்பையைத் தடவிப் பார்க்கிறவன் விஞ்ஞானியல்லன்.

முதற்குப்பியைச் சோதிக்காமல் விட்டோம்; பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். இரண்டாம் குப்பியையாவது சோதிப்போம், தோழர்களே!